எலைசா நன்றாக இருக்கிறது, ஓபிஏ ஏன் வரவில்லை?

கேள்வி: நிமோகாக்கஸ் (நிமோனியா தரும் ஒரு கிருமி) தடுப்பூசி போட்டவரின் சீரம். எலைசாவில் ஆன்டிபாடி அளவு மில்லிலிட்டருக்கு 0.35 மைக்ரோகிராமைத் தாண்டிவிட்டது. ஓபிஏ (வெள்ளணு கிருமியை விழுங்கிக் கொல்கிறதா என்று பார்க்கும் சோதனை) டைட்டர், அதாவது சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்தாலும் வேலைசெய்கிறது என்ற எண், 8கூட எட்டவில்லை. மூன்று தடவை செய்தாயிற்று. எதை நம்புவது?

பதில்: எலைசா ஒட்டுகிற ஆன்டிபாடியை அளக்கும், அவ்வளவுதான். அது வெள்ளணுவுக்குக் கிருமியை விழுங்க உதவுகிறதா என்பதை ஓபிஏதான் காட்டும். ஆனால் முதலில் காம்ப்ளிமென்டைச் சோதியுங்கள்; விழுங்குவதற்குத் துணைபோகும் புரதங்கள் அவை, முயல்குட்டி சீரமாகத்தான் சேர்ப்போம். முயல்குட்டி சீரத்தை நான் ஒருமுறை உருக்கி, மிச்சத்தை மறுபடி உறையவைத்தேன். மறுநாள் கன்ட்ரோல் சீரம் (விடை முன்பே தெரிந்த சீரம்) போட்ட இடத்திலும் சாகாத கிருமிகளின் காலனிகள் மணல் தூவினாற்போல். ஒரு வார உழைப்பு போச்சு. இப்போது சின்னக் குழாய்களில் பிரித்துவைக்கிறேன், மிஞ்சியதைக் கொட்டிவிடுவேன்.

இன்னொரு பதில்: வெள்ளணுவாகப் பயன்படுத்தும் எச்எல்-60 செல்கள் சரியாக முதிர்ந்தனவா? முதிரவைக்கும் வேதிப்பொருளான டிஎம்எஃப் போட்டு ஐந்தாறு நாளாவது விடணும்.

கேட்டவர்: கன்ட்ரோல் சீரத்தின் டைட்டரும் இறங்கித்தான் இருக்கிறது அக்கா! காம்ப்ளிமென்ட் புதுக் குழாய் திறக்கிறேன்.