தேர்தலுக்கு ஒப்படைத்துத் திரும்பிய பழைய .22 ரைபிள்: காலிக் கூடு சிக்குது

உசிலம்பட்டி_தோட்டம்
லைசென்ஸ் உள்ள பழைய பெல்ஜியம் செமி ஆட்டோ ரைபிள். பின்கட்டை வழியா தோட்டா போடணும், வெடிச்ச தோட்டாவோட காலிக் கூடு கீழே விழும். 2024 தேர்தலுக்கு ஸ்டேஷன்ல ஒப்படைச்சு வாங்கினதுல இருந்து லெதர் உறையிலயே கிடந்துச்சு. முதல் ரெண்டு மூணு குண்டு ஒழுங்கா போகுது, அப்புறம் காலிக் கூடு பாதியில மாட்டிக்குது. சிலது 'டிக்'னு சத்தத்தோட சரி, வெடிக்கல. பேரல் லேசா ஆடுது. மேலே செந்துரு. இதுவரைக்கும் போட்டது தேங்காய் எண்ணெய்தான். துருவைப் புளி போட்டு எடுக்கலாமா?

போல்ட்டுக்காரர்
புளி, எலுமிச்சை கிட்டவே கொண்டுபோகாதீங்க தம்பி. இரும்புக்கு மேல இருக்கிற அந்தக் கறுப்பே ஒரு வகை ஆக்ஸைடுதான். புளிப்பு பட்டா துருவோட அதுவும் சேர்ந்து போயிடும். எண்ணெய் தடவி ஒரு ராத்திரி விட்டுட்டு, 0000 நம்பர் (ரொம்ப மெல்லிசான) இரும்புப் பஞ்சால மெல்லத் தேய்ங்க. உப்புத்தாள் வேண்டாம்.

நீங்க சொல்றது ஜான் பிரௌனிங் வடிவமைச்சு 1914-ல பெல்ஜியத்து எஃப்.என். கம்பெனி தயாரிக்க ஆரம்பிச்ச மாடல் மாதிரி இருக்கு. இதுல போல்ட்டை, அதாவது தோட்டாவுக்குப் பின்னால அடைச்சு நின்னு முன்னும் பின்னும் ஓடுற இரும்புக் கட்டையை, பூட்டுற அமைப்பே கிடையாது. போல்ட்டோட எடையும் ஸ்பிரிங்கும் மட்டும்தான் தாங்குது, வெடிச்ச கூடே போல்ட்டைப் பின்னால தள்ளுது. அதனால கொஞ்சம் பிசுக்கு இருந்தாலும் வேகம் செத்துடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில பாட்டில்ல பாக்குறோமே, அதேதான் போல்ட்டுக்குள்ளயும் நடக்கும். வருஷக்கணக்கா கிடந்தா வார்னிஷ் மாதிரி இறுகிடும்.

முதல்ல பின்கட்டைக்குள்ள இருக்கிற தோட்டாக் குழாயை உருவி, போல்ட்டை ரெண்டு மூணு தடவை இழுத்து, சேம்பரை (பேரலோட பின்முனையில தோட்டா உட்கார்ற இடம்) கண்ணால பாருங்க, சுண்டு விரலால தொட்டும் பாருங்க. அப்புறம் முன்கட்டைக்கு அடியில இருக்கிற தாழை முன்னால தள்ளி, போல்ட்டைச் சற்றே இழுத்துப் பிடிச்சு, பேரலைக் கால் சுற்று திருப்பினா கழன்று வரும். போல்ட்டைக் கழட்டும்போது ஸ்பிரிங் துள்ளும். ஒரு வெள்ளை வேட்டியை விரிச்சு அதுமேல வச்சுச் செய்யுங்க.

போல்ட்டை மண்ணெண்ணெயில ஒரு மணி நேரம் ஊறவச்சு, பல் துலக்கும் பிரஷ்ஷால தேயுங்க. முக்கியமா காலிக் கூட்டை இழுத்து எடுக்கிற எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில பாருங்க. மெழுகும் ஈயமும் கரியும் அங்கதான் கெட்டியா அப்பியிருக்கும், ஊசியால நெம்பி எடுக்கணும். மண்ணெண்ணெய் எண்ணெயையும் சேர்த்துக் கழுவிடும், அதனால காஞ்சதும் தையல் மெஷின் எண்ணெய் ரெண்டே சொட்டு, தேய்மானம் தெரியுற இடத்துல மட்டும். மரக்கட்டையில மண்ணெண்ணெய் படக்கூடாது, பாலிஷ் போயிடும்.

ரேஞ்ச்_ராத்திரி
பேரல் கழன்று வர்றதால சேம்பர் பக்கமிருந்தே சுத்தம் பண்ணலாம், இந்த மாடலுக்கு அது ஒரு வரம். குண்டு வெளியே போற வாய்ப் பக்கமிருந்து கம்பியை விட்டா விளிம்பு தேய்ஞ்சு குறி கெடும். சேம்பருக்கு மட்டும் வெண்கல பிரஷ் பத்துத் தடவை, பேரலுக்குப் பழைய வேட்டித் துணி ஒரு அங்குலச் சதுரமா வெட்டி, வெளுப்பா வர்ற வரைக்கும். கடைசியா சேம்பர் உலர்ந்திருக்கணும். எண்ணெய் இருந்தா கூடு சுவரைப் பிடிக்காம போல்ட்டை ஓங்கி அடிக்கும்.

வெடிக்காத தோட்டா: வாய் டார்கெட்டைப் பார்த்தபடியே 30 விநாடி காத்திருந்து வெளியே எடுங்க. ரிம்ல (கூட்டோட அடி விளிம்பு) விழுந்த தழும்பைப் பாருங்க. லேசான தழும்புன்னா ரிம்மை அடிக்கிற ஃபயரிங் பின் போற வழியில பிசுக்கு, இல்லைன்னா ஸ்பிரிங் தளர்ந்திருக்கு. ஆழமான தழும்பு விழுந்தும் வெடிக்கலன்னா தோட்டாவோட குறை, ரிம்ல அந்த இடத்துல மருந்து இல்லை.

பேரல் ஆடுறதுக்கு அதோட பின்பக்கம் பல் வச்ச வளையம் இருக்கும். ஒவ்வொரு பல்லா இறுக்கி மாட்டிப் பாருங்க. கையால திருப்ப முடியணும், ஆனா ஆடக்கூடாது.

உசிலம்பட்டி_தோட்டம்
நன்றிண்ணே. கொக்கிக்கு அடியில மெழுகு சுண்ணாம்பு மாதிரி இருந்துச்சு. ஆனா கொக்கி முனையே மழுங்கி இருக்கு. அரத்தால ராவலாமா?

போல்ட்டுக்காரர்
ராவாதீங்க, கொக்கி நீளம் குறைஞ்சா ரிம்மைப் பிடிக்காது. தவிர, துடைக்கிறது எண்ணெய் போடுறது வரைக்கும் நம்ம வேலை. ரிப்பேர் 1959 ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவுல வருது, லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்தான் செய்யணும். லைசென்ஸ் புத்தகத்தோட கொண்டுபோய் எக்ஸ்ட்ராக்டரையும் அதோட ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாத்தச் சொல்லுங்க. ஒரு தடவை ட்ரிகர் இழுத்து ரெண்டு குண்டு போனா அன்னைக்கே நிறுத்திடுங்க, ட்ரிகர் இழுக்கிற வரைக்கும் ஃபயரிங் பின்னைப் பிடிச்சு வைக்கிற சியர் தேய்ஞ்சிருக்கு.

ரேஞ்ச்_ராத்திரி
சப்சோனிக் (ஒலியை விட வேகம் குறைஞ்ச) தோட்டா போட்டுப் பாத்து ரைபிளைக் குறை சொல்லிடாதீங்க, அதுக்குப் போல்ட்டை முழுசாத் தள்ளுற வலு இருக்காது. சோதிக்க குண்டு எடை 40 கிரெய்ன் இருக்கிற வழக்கமான தோட்டாவே எடுங்க. அந்த லெதர் உறையில இனி வைக்காதீங்க, ஐப்பசி மழையில ஈரத்தைக் குடிச்சுக்கிட்டு இரும்புல விடும். எண்ணெய்த் துணி சுத்தி, சிலிகா ஜெல் பையோட பீரோவுல நிக்கட்டும். வேலை முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கை கழுவிட்டுச் சாப்பிடுங்க, அந்தக் கரியில ஈயம் இருக்கு.