என்எம்சி (பிரிட்டன் நர்சிங் கவுன்சில்) பதிவு: இனிஷியல் சிக்கலும் ரைட்டிங் மார்க்கும்

கேள்வி: பிஎஸ்சி நர்சிங், பிரிட்டனுக்கு விண்ணப்பிக்கணும். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பேர் முழுசா. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுல ரைட்டிங் 6, மத்ததெல்லாம் 7. போதுமா?

பதில் 1: போதாது, ரைட்டிங் 6.5 வேணும். 12 மாசத்துக்குள்ள இன்னொரு தடவை எழுதி ரெண்டையும் சேர்த்துக் காட்டலாம். ஆனா ரெண்டாவதுல ரைட்டிங் 6, மற்றவை 6.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. அங்கதான் பலர் கவுந்துடறாங்க.

பதில் 2: பேர்தான் பெரிய தலைவலி சகோ. சிபிடி (கம்ப்யூட்டர் வழித் தேர்வு) பதிவுல பாஸ்போர்ட்ல உள்ளபடியே கொடுங்க. சான்றிதழ் பார்த்து இனிஷியல் போட்டா தேர்வு மையத்துல திருப்பி அனுப்பிடுவாங்க. ரெண்டு பெயரும் ஒரே ஆளோடதுன்னு நோட்டரி அஃபிடவிட் எடுத்து வையுங்க.

பதில் 3: உங்க நர்சிங் பதிவுக்கான வெரிஃபிகேஷனை (சரிபார்ப்புக் கடிதம்) நீங்க பதிவு பண்ணின இங்குள்ள நர்சிங் கவுன்சிலே நேரா என்எம்சிக்கு அனுப்பணும். நீங்க ஸ்கேன் பண்ணி ஏத்தினா செல்லாது. அப்புறம் ஆஸ்கி (செய்முறைத் தேர்வு), 10 ஸ்டேஷன். மருந்து கொடுக்கும் முன்னாடி அலர்ஜி கேட்க மறந்துடாதீங்க.