மூப்பர் வட்டி வாங்கினால் சும்மா இருக்கணுமா?

கேள்வி: சபை மூப்பரே (சபையை நடத்தும் பொறுப்பாளர்) ஏழை விசுவாசிகளிடம் வட்டி வாங்குகிறார். "தீமையோடு எதிர்த்து நிற்க வேண்டாம்" (மத்தேயு 5:39) என்று வாயை மூடிக்கொள்வதா?

பதில் 1: அது பழிவாங்காதே என்பதற்கு. அறைந்த சேவகனிடம் இயேசுவே "என்னை ஏன் அடிக்கிறாய்?" என்று கேட்டார் (யோவான் 18:23).

பதில் 2: நெகேமியா 5 வாசியுங்கள் பிரதர். பணக்கார யூதர் ஏழை யூதரிடம் வாங்கிய நூற்றில் ஒரு பங்கு வட்டி, அடமானம் போன வயல், அடிமையான பிள்ளைகள். யூதாவின் அதிபதி நெகேமியாவுக்குக் கோபம் வந்தது; உடனே பாயவில்லை, மனதில் ஆலோசித்தார். பிறகு பிரபுக்களை நேரில் கண்டித்து, சபை கூட்டி, வாங்கினதைத் திருப்பித் தருவதாக ஆசாரியர் முன் சத்தியம் செய்ய வைத்து, வாக்கை மீறுகிறவனைத் தேவன் இப்படி உதறிப்போடுவார் என்று வஸ்திரத்தை உதறிக் காட்டினார். வாய்வார்த்தையை நம்பி விடவில்லை! தாமும் 12 வருஷம் அதிபதிக்குரிய படியை வாங்கவில்லை.

பதில் 3: மூப்பர் மேல் பிராது என்றால் இரண்டு மூன்று சாட்சி வேண்டும் (1 தீமோத்தேயு 5:19). பலரும் சறுக்குவது இங்கேதான்: சாட்சி சேர்க்கும் முன்பே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறார்கள்.