மூன்று சுற்று ஓடியவனுக்கு நடுகல்லா?

பாசறைமணி:
டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் கிரேக்கக் காப்பியம் இலியட்டில் மனசார வீரன் என்று ஒப்பக்கூடியவன் ஹெக்டர் ஒருவன்தான். கிரேக்க வீரன் அக்கிலீஸ் முறுக்கிக்கொண்டு கூடாரத்தில் உட்கார்ந்தவன். டிராய் இளவரசன் ஹெக்டர் ஊருக்காக நின்று செத்தவன். புறநானூற்றுப் புலவர்கள் பார்த்திருந்தால் அவனுக்கு நடுகல் நட்டுப் பீலி சூட்டியிருப்பார்கள்.

வஞ்சினம்:
"நின்று செத்தவன்" என்று எழுத எப்படி மனம் வந்தது? 22-ஆம் பாகத்தைத் திறந்து பாருங்கள். மதில்மேல் இருந்து தகப்பன் பிரயாம் தலைமயிரைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வா என்கிறான். தாய் ஹெக்குபா தான் பாலூட்டிய முலையைக் காட்டிக் கெஞ்சுகிறாள். வரமாட்டேன் என்று கேடயத்தைக் கோபுரச் சுவரில் சாய்த்துவிட்டு நிற்கிறான். அதுவரை சரி. அக்கிலீஸ் கிட்டே வந்ததும் உடம்பு நடுங்கி ஓட்டம் பிடிக்கிறான். காவல்மேடு, காட்டத்தி மரம், வண்டிப்பாதை, டிராய்ப் பெண்கள் துணி துவைக்கும் கல்தொட்டிகள், எல்லாவற்றையும் கடந்து ஊரை மூன்று சுற்று. பெற்றவர்கள் கண்ணெதிரே. இதற்குத் தமிழில் புறமுதுகு என்று பெயர்.

பாசறைமணி:
புண் எங்கே பட்டது, அதைச் சொல்லுங்கள். முதுகிலா? அக்கிலீஸின் தோழன் பட்ரோக்ளஸைக் கொன்று பறித்த கவசம் உடம்பை முழுக்க மூடியிருந்தது. காறை எலும்பை ஒட்டித் தொண்டையில் மட்டும் கொஞ்சம் சதை தெரிந்தது. அக்கிலீஸ் குறிவைத்துக் குத்தியது அங்கேதான். முன்பக்கம்! "ஓடுகிறவன் முதுகில் உன் வேலை நாட்ட முடியாது, நேரே வருகிறேன், மார்பில் குத்து" என்று ஹெக்டரே சொல்கிறான். முகப்புண் பட்டுச் செத்தவனைப் புறமுதுகு என்பதா?

வஞ்சினம்:
புண் கணக்குக்கே வருகிறேன். வெண்ணிப் போரில் கரிகாலனின் வேல் சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பில் பாய்ந்து முதுகில் புறப்பட்டது. அவன் ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை. ஆனாலும் முதுகில் புண் தெரிகிறதே என்று நாணி, உண்ணாமல் உயிர்விட வாளோடு வடக்கிருந்தான். புறநானூறு 65, கழாத்தலையார் பாட்டு. ஓடாதவனே அந்த நாணம் நாணினான். உங்கள் ஆள் மூன்று சுற்று ஓடினான். எந்த முகத்தோடு இங்கே கல் கேட்கிறீர்கள்?

ஏடுபுரட்டி:
இருவரும் பாதிப் பாதியாகப் படிக்கிறீர்கள். அது குருட்டு ஓட்டம் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஹெக்டர் தார்தானிய வாயிலை நோக்கி, மதிலுக்கு அடியில் ஒதுங்கப் பார்க்கிறான். மேலே இருப்பவர்கள் எறிந்து காப்பார்கள் என்ற எண்ணம். ஒவ்வொரு முறையும் அக்கிலீஸ் ஊர்ப்பக்கமாகவே ஓடி முந்திக்கொண்டு, அவனைச் சமவெளிக்குத் திருப்பிவிடுகிறான். தன் படையை யாரும் எறியாதே என்று தலையசைத்துத் தடுக்கவும் செய்கிறான். ஹோமர் அங்கே ஹெக்டரை இகழவே இல்லை. முன்னால் ஓடியவன் நல்லவன், துரத்தியவன் அவனினும் வலியன் என்கிறார்.

இன்னொன்று. கிரேக்கர்களுக்கும் முதுகுப்புண் இழிவுதான். உனக்குப் புண்பட்டால் பிடரியிலோ முதுகிலோ படாது, மார்பிலோ வயிற்றிலோதான் படும் என்று 13-ஆம் பாகத்தில் கிரேக்கத் தலைவன் இதோமெனியூஸ் தன் துணைவன் மெரியோனஸிடம் சொல்கிறான். ஆனால் அடுத்த பாகத்திலேயே, இரவில் ஓடியாவது அழிவுக்குத் தப்புவதில் பழியில்லை என்கிறான் கிரேக்கப் படையின் பெருந்தலைவன் அகமெம்னான். அதற்காக ஒடிசியஸ் அவனை வெளுத்து வாங்குகிறான். அந்தக் காப்பியத்துக்குள்ளேயே இது தீராத வழக்கு.

வஞ்சினம்:
தந்திரமாக ஓடினான் என்றால், நான்காம் சுற்றில் நின்று அவன் வாயாலேயே என்ன சொல்கிறான்? மூன்று முறை உனக்கு அஞ்சி ஓடினேன், இனி ஓடமாட்டேன் என்கிறான். அவனே ஒப்புக்கொண்டதை நீங்கள் மறைத்து ஆவதென்ன? நின்றதும் எதனால்? கிரேக்கர் பக்கம் நின்ற தெய்வம் அத்தீனா அவன் தம்பி டெய்ஃபோபஸ் உருவில் வந்து நின்றாள். ஒருவனுக்கு இருவர் என்ற தெம்பில் நின்றான். தனியாக இருந்தவரை ஓட்டம்தான்.

ஏடுபுரட்டி:
அதற்கு அடுத்த கட்டத்தை ஏன் விட்டீர்கள்? ஹெக்டர் எறிந்த ஈட்டி கேடயத்தில் பட்டுத் தெறிக்கிறது. இன்னொன்று கொடு என்று தம்பியைக் கூப்பிடுகிறான். தம்பி இல்லை. தெய்வம் ஏமாற்றிவிட்டது, சாவு உறுதி என்று அந்தக் கணத்தில் தெரிகிறது. எதிராளியின் கையிலோ ஈட்டி. அவன் தவறவிட்டதை இவனுக்குத் தெரியாமல் அத்தீனா எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இப்போதுதான் முழுத் தனிமை. போராடாமல் பெயரில்லாமல் சாகமாட்டேன், பின்னால் வருகிறவர்கள் கேட்கும்படி ஒன்று செய்துவிட்டுச் சாவேன் என்று வாளை உருவிக்கொண்டு பாய்கிறான். வெல்ல வழியே இல்லாத இடத்தில் எதிர்த்துப் போனவன் ஐயா அவன்.

வஞ்சினம்:
மூன்று சுற்றுக்குப் பிறகு.

நீலாம்பல்:
வஞ்சினம் ஐயா தமிழ் அளவுகோல் என்று ஒன்றைத் தூக்கிப் பிடிக்கிறார். அதில் மறுபக்கமும் இருக்கிறதே. சிலப்பதிகாரம், வஞ்சிக் காண்டம். வடநாட்டு அரசர் கனக விசயரின் படை தோற்றதும் சடை, சாம்பல், பீலி என்று தவசிகள்போலவும், பாடுவோர் ஆடுவோர் போலவும் வேடமிட்டு ஓடியது. சேரன் செங்குட்டுவன் அந்த அரசர்களைப் பிடித்து, கண்ணகிக்கு எடுத்த கல்லை அவர்கள் தலையில் ஏற்றி, பிறகு சோழ பாண்டியர்க்குக் காட்ட அனுப்பினான். அவர்கள் மெச்சவில்லை. உயிர் தப்ப ஓடியவர்களையும் தவக்கோலம் பூண்டவர்களையும் பிடித்தது என்ன வெற்றி என்று கேட்டார்கள். செய்தி கேட்டுச் செங்குட்டுவன் கண் சிவந்தான், மறையோன் மாடலன்தான் ஆற்றினான்.

தோற்று ஓடுகிறவன்மேல் படை ஓச்சாதது பெரிய மறம் என்று தழிஞ்சித் துறையே வைத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் முதலில் தலைகுனிய வேண்டியவன் துரத்தியவன், அதிலும் தேவதையின் துணையோடு கொன்று, கணுக்காலைத் துளைத்துத் தோல்வாரைக் கோத்துத் தேரில் கட்டி இழுத்தவன்.

பாசறைமணி:
அருமை அக்கா. "இன்று போய் நாளை வா" என்று கம்பன் பாடியது இந்த மரபில்தான்.

ஏடுபுரட்டி:
கம்பனை இழுக்காதீர்கள். சங்கப் பாட்டுக்கும் அவருக்கும் இடையில் எத்தனை நூற்றாண்டு!

பாசறைமணி:
கம்பனை விட்டுவிட்டுத் தமிழில் காப்பியம் பேசுவதாம். யாருக்கு வகுப்பெடுக்கிறீர்கள்?

வஞ்சினம்:
நீலாம்பல் அம்மா, கர்ணன் இழையிலும் இதையேதான் செய்தீர்கள். கந்தர்வர்களிடம் துரியோதனனை விட்டுவிட்டுக் கர்ணன் ஓடியதைக் காட்டினேன். உடனே பேச்சைக் கொடைக்குத் திருப்பினீர்கள். இங்கே அக்கிலீஸுக்கு. அவன் யோக்கியன் என்று நான் எங்காவது சொன்னேனா? துரத்தியவன் குற்றவாளி என்றால் ஓடியவன் வீரனாகிவிடுவானா? சோழ பாண்டியர் செங்குட்டுவனைத்தான் பழித்தார்கள். கனக விசயருக்குக் கல் நடச் சொல்லவில்லை. வேல் பாய வரும்போது கண் இமைத்தாலே தோல்வி என்று குறள் சொல்கிற நாட்டில் வந்து ஊர்சுற்றிய கதை சொல்கிறீர்கள்.

நீலாம்பல்:
கொடைக்கு நான் திருப்பவில்லை, நீங்கள்தான் பதில் எழுதாமல் போனீர்கள். அந்த இழை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஏடுபுரட்டி:
முதுகுக் கணக்கு அவ்வளவு முக்கியம் என்றால் பட்ரோக்ளஸை என்ன செய்வீர்கள்? டிராய்ப் பக்கத் தெய்வம் அப்பல்லோ பின்னாலிருந்து அடித்தான், டிராய் வீரன் யூஃபோர்பஸ் தோள்பட்டைகளுக்கு நடுவே, முதுகில், ஈட்டியால் குத்தினான், மூன்றாவதாகத்தான் ஹெக்டர் அடிவயிற்றில் குத்தினான். முதுகுப்புண் பட்ட அவனுக்குத்தான் 23-ஆம் பாகம் முழுக்க ஈமச்சடங்கும் தேர்ப்பந்தயமும். ஹெக்டர் ஊருக்குள் நுழையாததற்கு உண்மையான காரணத்தை யாரும் தொடவே இல்லை: முந்தின இரவே படையை உள்ளே கொண்டுபோ என்று படைத்தோழன் பொலிடமாஸ் சொன்னதைத் தட்டிவிட்டான். படை அழிந்தது. இப்போது போனால் அவன் முதலில் பழிப்பான் என்ற வெட்கம். பேச வேண்டியது அதை.

வஞ்சினம்:
பட்ரோக்ளஸ் முதுகில் குத்துப்பட்டபோது ஓடிக்கொண்டிருக்கவில்லை. வெட்கம் இருந்தது என்கிறீர்கள், அந்த வெட்கம் அக்கிலீஸைக் கண்டதும் எங்கே போனது?

பாசறைமணி:
ஹெக்டருக்காக ஒன்பது நாள் விறகு சுமந்து, பத்தாம் நாள் எரியூட்டி, எலும்பைப் பொற்பேழையில் இட்டு, செந்நீலத் துகில் போர்த்தி, மேலே பெருங்கற்களை நெருக்கி அடுக்கி மேடு எழுப்பினார்கள் அந்த ஊர்க்காரர்கள். ஓட்டத்தை மதில்மேல் நின்று பார்த்த அதே ஆட்கள். அவர்களுக்கு இல்லாத குறை உங்களுக்கு என்ன?

வஞ்சினம்:
ஊர் தன் இளவரசனைப் புதைத்தது, அவ்வளவுதான். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று தொல்காப்பியம் வரிசை சொல்வது பிணத்துக்கு இல்லை, ஆநிரை மீட்க எதிர்நின்று விழுந்தவனின் பெயருக்கு. நடுகல் என்ற பேச்சை எடுத்தது நீங்கள். மூன்று சுற்று ஓடியவன் ஒருவனுக்கு நட்ட கல்லைக் காட்டிவிட்டு மேற்கொண்டு எழுதுங்கள்.

பாசறைமணி:
தொண்டைப் புண்ணுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.