தொடை எலும்பில் ஏவிஎன்: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் தம்பிக்கு 34 வயது. ஆறு மாதமாக இடது தொடை இடுக்கில் வலி, சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று வெறும் வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் எம்ஆர்ஐ எடுத்தபோதுதான், ரத்த ஓட்டம் குறைந்து தொடை எலும்பின் பந்துமுனை செத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. இதைத்தான் ஏவிஎன் (அவாஸ்குலர் நெக்ரோசிஸ்) என்கிறார்கள்; அவனுக்கு இரண்டாம் நிலை. 2021இல் கொரோனாவுக்கு அவனுக்கு ஸ்டீராய்டு கொடுத்திருந்தார்கள். அது காரணமாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர்.

பந்து இன்னும் நசுங்கவில்லை. அதனால் எலும்பில் துளையிட்டு அழுத்தத்தைக் குறைக்கும் கோர் டிகம்ப்ரஷன் செய்யலாமாம். செய்துகொண்டவர்கள் எத்தனை வாரம் ஊன்றுகோலில் இருந்தீர்கள்? மூட்டு மாற்று தள்ளிப்போனதா?

இன்னொன்று: பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டீராய்டின் அளவோ நாட்களோ இல்லை. முழு சிகிச்சைப் பதிவையும் கேட்டு வாங்கியவர்கள் கடிதம் எப்படி எழுதினீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள், அடுத்த வாரம் முடிவெடுக்க வேண்டும்.