கவின் கேட்ட பவுடர் டப்பா

(வாட்ஸ்அப் குழு: கொசப்பேட்டைக் குடும்பம், வேலூர்)

கவின்: [படம்: புரதப் பவுடர் டப்பா] அம்மா, ஜிம்மில் இதை வாங்கச் சொல்கிறார்கள். 3,200 ரூபாய். ஒரு மாதத்துக்கு வரும்.

அம்மா: ஜிம்மா? டியூஷன் என்றுதானே சொல்லிவிட்டுப் போனாய்?

கவின்: டியூஷன் முடிந்த பிறகு எட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான்.

பெரியப்பா: [பலமுறை பகிரப்பட்டது] 18 வயதுக்கு முன் எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும்! பெற்றோர்களே, உஷார்!

சேகர் மாமா: மாமா, நான் பள்ளியில் படித்த காலத்திலேயே இந்தப் பேச்சு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. எலும்பு நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டில் அடிபட்டால் சிக்கல்தான். ஆனால் கண்டபடி பெரிய எடையைத் தூக்கித் தடுமாறும்போதுதான் அங்கே அடிபடும். பக்கத்தில் ஒருவர் நின்று முறையாகச் சொல்லிக்கொடுத்தால் வளர்த்தி நிற்காது. உலக சுகாதார நிறுவனமே 5 முதல் 17 வயது வரை வாரத்துக்கு 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது.

சேகர் மாமா: நம் சத்துவாச்சாரியில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கிய ஊர் அது.

பெரியப்பா: தங்கத்தை யார் மறுத்தது? மருத்துவர் ஒருவர் எழுதியதாகப் போட்டிருந்தது.

சேகர் மாமா: எந்த மருத்துவர்?

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரேவதி சித்தி: கவின், டப்பாவின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு.

கவின்: [படம்]

ரேவதி சித்தி: ஒரு கரண்டி 30 கிராம், அதில் புரதம் 24 கிராம். உன் எடை என்ன?

கவின்: 48 கிலோ.

ரேவதி சித்தி: தசைக்காகப் பயிற்சி செய்பவருக்கு நாளொன்றுக்கு, கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் இருந்தால் தாராளம். உனக்கு 77 கிராம். மூன்று முட்டையில் 18. பாலும் தயிருமாக அரை லிட்டரில் 16. கொண்டைக்கடலை 50 கிராம் ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10. ஒரு கை வேர்க்கடலையில் 7. ஆக 51. மிச்சம் இட்லி, சோறு, பருப்பிலேயே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக் கோழி கணக்கில் சேராத லாபம்.

அம்மா: நீ கணக்குப் போடுகிறாய். இவன் காலையில் ஒற்றை இட்லியோடு ஓடுகிறான். சுண்டல் வைத்தால் தேங்காயை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுக் கிண்ணத்தை மூடி வைக்கிறான்.

ரேவதி சித்தி: அப்படியானால் முதலில் அந்தக் கிண்ணம் காலியாகட்டும். இன்னொன்று கவின், தசை வலுவுக்கு என்று சொல்லி கிரியாட்டின் பவுடர் எதையாவது கையில் கொடுத்தால் வாங்காதே. 18 ஆகாதவர்களுக்கு அது வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஊசி, மாத்திரை பக்கம் தலைவைத்தும் படுக்காதே.

கவின்: அதெல்லாம் இல்லை சித்தி. வகுப்பில் எல்லாரும் கையை மடக்கிக் காட்டுகிறார்கள். எனக்குச் சட்டைக் கைக்குள் இன்னொரு கை நுழையும்.

பாட்டி: உன் தாத்தாவும் கல்யாணத்தன்று அப்படித்தான் இருந்தார். மாலையின் கனத்துக்கே குனிந்துவிட்டார்.

சேகர் மாமா: நீ அனுப்பிய தண்டால் வீடியோவைப் பார்த்தேன். இடுப்பு தொய்கிறது, முழங்கை பக்கவாட்டில் விரிகிறது, தாடை மட்டும் தரையைத் தொட்டுவிட்டு வருகிறது. அப்படி 20 எடுத்தாலும் நான் ஒன்றுகூட எண்ண மாட்டேன். கட்டில் விளிம்பில் கையை ஊன்றி, குதிகாலிலிருந்து தலை வரை நேராக வைத்து 8 எடு. பிசகாமல் 12 வந்த பிறகு தரைக்கு இறங்கு. பஸ்கியில் உட்கார்ந்து எழும்போது குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. திங்கள், புதன், வெள்ளி போதும். மற்ற நாள்களில் ஓடு, ஷட்டில் ஆடு.

கவின்: எடை வேண்டாமா?

சேகர் மாமா: 5 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு எடுத்துக்கொள். நிரப்பினால் ஒன்று 5 கிலோ. முதுகு வளையாமல் முன்னால் சாய்ந்து, கேன்களை இடுப்பு வரை இழு. முதல் சில வாரங்களில் கை பருக்காது, எண்ணிக்கைதான் ஏறும். தசையை வேலை வாங்க நரம்பு முதலில் பழகிக்கொள்கிறது, சதை பிறகுதான் வைக்கும். அதனால் கண்ணாடியைப் பார்க்காமல் நோட்டில் எழுதி வை.

யாழினி: மாமா, நானும் செய்யலாமா?

பெரியப்பா: உனக்கு எதற்கம்மா?

சேகர் மாமா: 2000 சிட்னி ஒலிம்பிக்கில் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக்கில் இந்தியப் பெண் ஒருவர் வாங்கிய முதல் பதக்கம் அது. அன்றைக்கு டி.வி. முன் கைதட்டியவர் நீங்கள்தான் மாமா.

யாழினி: அப்பா?

பெரியப்பா: சரி, சரி. வா.

அம்மா: தூக்கத்தைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். நேற்று இரவு 1.10க்கு இவன் ஆன்லைனில் இருந்தான்.

ரேவதி சித்தி: இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த உறக்கத்தில்தான் அதிகம் சுரக்கிறது.

கவின்: 1.10க்கு நீ மட்டும் ஏன் விழித்திருந்தாய் அம்மா?

அம்மா: பேச்சை மாற்றாதே.

கவின்: மாமா, கம்பியில் தொங்கி உடலை இழுத்தால் ஒன்றுகூட வரவில்லை.

சேகர் மாமா: எடுத்தவுடன் யாருக்கும் வராது. குதித்து மேலே போ. தாடை கம்பிக்கு மேல் வந்ததும், ஐந்து வரை எண்ணியபடி மெதுவாக இறங்கு. இறங்க இறங்கத்தான் ஏறும் வலு வரும்.

அம்மா: எந்தக் கம்பியில் தொங்கினாய்?

கவின்: மாடியில்.

அம்மா: துணி காயப்போடும் கம்பியிலா? அறுந்தது காற்றினால் என்றாய்! பாட்டியின் புடவையைப் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து எடுத்து வந்தேன்.

சேகர் மாமா: பள்ளி மைதானத்தில் நல்ல கம்பி இருக்கிறது. திங்கள் காலை 5.45. இருவரும் வந்துவிடுங்கள்.

அம்மா: வரட்டும். திரும்பும்போது கொடிக்கம்பி 10 மீட்டர் வாங்கிக்கொண்டு வரட்டும்.