அடுக்ககத்தில் கடின நீர்: மென்னீராக்கியா, ஆர்ஓவா?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் உள்ள எங்கள் அடுக்ககத்தின் எல்லாக் குழாய்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீரே வருகிறது. கீசரில் வெண்படிவம் கட்டுகிறது. ஷவரின் துளைகள் அடைபடுகின்றன. சோப்பு நுரைப்பதே இல்லை. ஆய்வகப் பரிசோதனையில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 720 மில்லிகிராம் என வந்துள்ளது. கட்டடம் முழுமைக்கும் மென்னீராக்கி (வாட்டர் சாஃப்ட்னர்) பொருத்த வேண்டுமா, வீட்டுக்கொரு ஆர்ஓ போதுமா?

மறுமொழி 1: ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலைப்படி கடினத்தன்மையின் ஏற்கத்தக்க அளவு 200, வேறு நீராதாரம் இல்லாதபோது மட்டுமே 600 வரை அனுமதி உண்டு. நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து கார்பனேட்டாகப் படிவதால், கீசரின் வெப்ப அளவைக் குறைத்து வைத்தாலே படிவம் மெதுவாகும். சமையலறை ஆர்ஓ குடிநீரை மட்டுமே கவனிக்கும்; குளியலறைக்கு அதனால் பயனில்லை.

மறுமொழி 2: மென்னீராக்கிதான் சரியான தீர்வு. அதிலுள்ள பிசின் (ரெசின்) கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுவிக்கிறது. அவ்வப்போது உப்புக் கரைசலால் அதைப் புதுப்பிக்க வேண்டும், அந்தக் கழிவுநீரைச் செடிகளுக்கு விடக் கூடாது. டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்) மீட்டரைக் காட்டி விற்க வருபவர்களை நம்பாதீர்கள். மென்னீராக்கியால் டிடிஎஸ் குறையாது, கடினத்தன்மையைத் தனியாகவே சோதிக்க வேண்டும்.

மறுமொழி 3: ஷவரை வினிகரில் ஊறவைத்தால் அடைப்பு நீங்கும். மொட்டைமாடி மழைநீர் கிணற்றைச் சென்றடைகிறதா என்றும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்புகள் பல கட்டடங்களில் தூர்ந்து கிடக்கின்றன.